தம்பி, கெதியா மிதி

1990இல் போரோடு யாழ்ப்பாணத்தில் கரண்ட் போனது. பற்றரியோ தடை செய்த பொருள். ரேடியோ கேட்க இருந்த வழி சைக்கிள் டைனமோ. சைக்கிளை ஸ்ராண்டில் ஏற்றி, டைனமோவைப் பின் சில்லில் முட்டவிட்டு, வயரை ரேடியோவில் கொழுவினால், மிதிக்க ஒரு ஆள் வேண்டும். எங்கள் முற்றத்தில் அந்த ஆள் நான்.

பிபிசி தமிழோசை கேட்கப் பத்துப் பேர் வருவார்கள். கால் தளர்ந்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் தளரும். "தம்பி, கெதியா மிதி!" கெதியாக மிதித்தால், "உடைச்சுப் போடாதை!" செய்தி முடிந்ததும் பெரியவர்கள் அரசியல் பேசுவார்கள். எனக்கு மூச்சு வாங்கும். முற்றத்தில் செய்தி தெரியாத ஒரே ஆளும் நான்தான்.

1995 ஒக்டோபர் கடைசியில் ஊரோடு இடம்பெயர்ந்து தென்மராட்சிக்கு நடந்தோம். அந்த வருடம்தான் பெர்க்லியில் இரண்டு மாணவர்கள் போஸ்ட்கிரெஸ்95 என்ற தரவுத்தளத்தை வெளியிட்டார்கள். 1996இல் நாங்கள் திரும்பி வந்தோம்; அதே வருடம் அது போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்று பெயர் மாறியது. நான் மிதிக்க வேண்டிய அடுத்த சைக்கிள் அங்கே தயாராகியிருக்கிறது என்று அப்போது யாருக்குத் தெரியும்?

இப்போது கரண்ட் இருக்கிறது, இணையம் இருக்கிறது. அந்தத் தரவுத்தளத்துக்கு ஒரு சின்ன எக்ஸ்டென்ஷன் எழுதி, திறந்த மூலமாக விட்டுப் பராமரிக்கிறேன். அது பிறந்ததே 'கொக்குவில்' என்ற சொல்லால்தான். யூனிகோடில் 'கொ'வின் கொம்பையும் அரவையும் ஒரே குறியாகவும் எழுதலாம், இரண்டு குறியாகவும் எழுதலாம். பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றும்போது சிலவேளை இரண்டாக வந்து சேரும். கண்ணுக்கு வித்தியாசம் இல்லை. தரவுத்தளத்துக்கோ ஒன்று 3 பைட், மற்றது 6 பைட். தேடினால், கொக்குவில் என்று ஒரு ஊரே இல்லை என்று சொல்லிவிடும். இரண்டையும் ஒன்றாக்குவதுதான் என் எக்ஸ்டென்ஷனின் வேலை.

2020இல் பதிப்பு 13 வந்தபோது, இரண்டையும் ஒன்றாக்கும் வசதி தரவுத்தளத்துக்குள்ளேயே வந்தது. இனி ஓய்வு என்று நினைத்தேன். ஔவையார் விடவில்லை. 'ஔ'வுக்குப் பதிலாக 'ஒ'வும் 'ள'வும் அடிப்பவர்கள் ஏராளம். அதை யூனிகோட் விதி ஒன்றாக்காது. போதாததற்கு வருடம் ஒரு பெரிய பதிப்பு வரும். ஒவ்வொன்றுக்கும் எக்ஸ்டென்ஷனைத் திரும்பத் தொகுத்து, சோதித்து, விட வேண்டும்.

அம்மா ஒருநாள் கேட்டா: "இரவிரவா இருந்து செய்யிறியே, காசு வருமே?"

"இல்லையம்மா, சும்மாதான்."

"பேந்தென்னத்துக்கு?"

பதில் சொல்வதற்குள் கடிதம் ஒன்று வந்தது: புதுப் பதிப்புக்கு எப்போது தருவீர்கள், கொஞ்சம் அவசரம். அதே "தம்பி, கெதியா மிதி". இப்போது மட்டும் மரியாதைப் பன்மை.

யார் எதைத் தேடிக் கண்டெடுத்தார்கள் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அகப்படாத அன்றைக்கு மட்டும் தகவல் வரும். இத்தனைக்கும் இது திறந்த மூலம்: சைக்கிள் முற்றத்தில்தான் நிற்கிறது, பூட்டில்லை, யாரும் ஏறலாம். பத்துப் பேரும் ரேடியோவுக்குக் கிட்டத்தான் இருக்கிறார்கள்.