துறுதுறுப்புக்கும் டிகிரி உண்டு

கேள்வி: என் பேரன் ஒரு நிமிஷம் ஓரிடத்தில் உட்கார மாட்டேன் என்கிறான். ‘ஹைப்பர் ஆக்டிவ்’ என்கிறார் பக்கத்து வீட்டம்மா. அப்படியென்றால் என்னங்க?
– ஒரு வாசகி, மரக்காணம்

பதில்: ‘ஹைப்பர்’ கிரேக்கத்திலிருந்து வந்தது, அளவு மீறியது என்று பொருள். தைராய்டு சுரப்பி மிதமிஞ்சி வேலை செய்தால் ‘ஹைப்பர் தைராய்டு’. அளவு மீறியது என்று சொல்ல முதலில் அளவு வேண்டுமே! உங்கள் ஊர் உப்பளத்தில், பாத்தித் தண்ணீர் வெயிலில் சுண்டி, அதன் அடர்த்தி சுமார் 25 டிகிரியைத் தொட்டால்தான் உப்பு பூக்கும். அதுவரை வெறும் உப்புத் தண்ணீர்தான். டாக்டர்களும் அப்படித்தான். துறுதுறுப்பு 12 வயதுக்குள் ஆரம்பித்து, ஆறு மாதமாவது நீடித்து, வீடு, பள்ளி இரண்டிலும் அன்றாடத்தையே குலைத்தால்தான் ‘ஹைப்பர் ஆக்டிவ்’ என்ற பேச்சையே எடுப்பார்கள். வாத்தியார் முன் கைகட்டி உட்கார்ந்துவிட்டு, பாட்டி முன் மட்டும் ஆடினால் அது செல்லம். சந்தேகம் தீரவில்லையா? குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்; பக்கத்து வீட்டம்மாவிடம் வேண்டாம்.