மேடை இறுகும் நேரம்: கட்டுமான மாநாடு குறித்து ஓர் ஆய்வு

சிமெண்ட் எப்போது இறுகலாம் என்பதற்கு நம் நாட்டில் விதி இருக்கிறது. சாதாரண போர்ட்லண்ட் சிமெண்ட் என்றால், தண்ணீர் பட்டு 30 நிமிடம் ஆகும்வரை இறுகத் தொடங்கக் கூடாது. 600 நிமிடத்துக்குள் இறுகி முடிந்துவிட வேண்டும். ஜல்லிக்கு விதி உண்டு, கம்பிக்கு உண்டு, மணலில் கலந்த தூசிக்குக்கூட உண்டு. இவை அத்தனையையும் மனப்பாடமாகச் சொல்லும் பொறியாளர் ஒருவர் மேடையேறி மைக்கைப் பிடித்தால் எத்தனை நிமிடத்தில் விட வேண்டும் என்பது பற்றி மட்டும் இந்தியத் தர நிர்ணய அமைவனம் இன்றுவரை வாய் திறக்கவில்லை. இந்தப் பெரும் ஆய்வு இடைவெளியை ஒரு சட்டி கலவையாவது போட்டு நிரப்பப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வாளன் கட்டட மேற்பார்வையில் தலை நரைத்தவன். இப்போது ஹைதராபாத் சைனிக்புரியில் குடியிருக்கிறான். படையிலிருந்து ஓய்வு பெற்றவர்களுக்காக உருவான பேட்டை இது. இங்கே ஆறு மணி நடை என்றால் ஐந்து ஐம்பத்தெட்டுக்குக் கேட் திறக்கும் சத்தம் கேட்கும். முப்படை அதிகாரிகளுக்கு நிர்வாகம் கற்றுத்தர 1970இல் தொடங்கி, 1980இல் பாதுகாப்பு மேலாண்மைக் கல்லூரி என்று பெயர் மாறிய நிறுவனமும் இங்கேதான் இருக்கிறது. இப்படிப்பட்ட சுற்றுப்புறத்தில் வாழ்பவனுக்கு மாநாட்டு மேடையைப் பார்த்தால் வியப்பு கூடுதலாக வருவது இயற்கை. முடிவுகளைப் படிக்கும்போது இந்தச் சாய்வை வாசகர்கள் கழித்துக்கொள்ளலாம்.

உடன் ஆய்வாளர், பக்கத்துத் தெரு சுபேதார் சார். மதராஸ் சாப்பர்ஸில் பாலம் போட்டவர். 1780இல் வேர்விட்ட அந்தப் படைப்பிரிவுக்காரர்களை ராணுவத்தில் ‘தம்பி’ என்று அழைப்பது வழக்கம். அந்தக் கடனை இவர் சைனிக்புரியில் கண்ணில் பட்டவர்களை எல்லாம் தம்பி என்று கூப்பிட்டு வட்டியோடு தீர்த்துவருகிறார். பழைய ஒப்பந்ததாரர் நண்பர் ஒருவர் தந்த இரண்டு பாஸ்களுடன், நகரத்தின் வடகிழக்கு மூலையிலிருந்து மேற்கு மூலைக்கு, மாதாப்பூர் பக்கம் நடந்த ஒரு கட்டுமானத் தொழில் மாநாட்டுக்கு நாங்கள் போனோம். மாநாட்டின் பெயரைச் சொல்வது ஆய்வு நெறிக்கு ஒவ்வாது. தவிர, நண்பர் அடுத்த ஆண்டும் பாஸ் தர வேண்டும்.

சுமைகள்

கட்டடத்தின் மேல் வரும் சுமைகளை அமைவனத்தின் ஐஎஸ் 875 விதி ஐந்து பாகமாகப் பிரிக்கிறது. முதல் பாகம் நிலைச் சுமை: கட்டடத்தின் சொந்த எடை. மேடையில் இதற்கு நிகர், கடைசிவரை பேசாமல் உட்கார்ந்திருப்பவர்கள். இவர்களால் ஆபத்து இல்லை. சால்வை போர்த்தினால் எடை சற்றுக் கூடும், அவ்வளவுதான். இரண்டாம் பாகம் ஆட்களாலும் சாமான்களாலும் வரும் சுமை. ஆட்கள் கூடும் அரங்கில் நாற்காலிகள் தரையோடு பொருத்தப்பட்டிருந்தால் சதுர மீட்டருக்கு 4 கிலோநியூட்டன் எடுக்கச் சொல்கிறது விதி. பொருத்தாமல் விட்டிருந்தால் 5. இதை எழுதியவர் ஒரு மாநாட்டிலாவது பகல் ஒரு மணிக்குப் பின்வரிசையில் உட்கார்ந்திருக்க வேண்டும். பிரியாணி மணம் கதவிடுக்கில் நுழைந்ததும், நகரக்கூடிய நாற்காலிகளெல்லாம் ஒரே பக்கமாகச் சேர்வதை வேறு எப்படி அவர் முன்கூட்டி அறிந்திருப்பார்?

மூன்றாம் பாகம் காற்று. பேச்சாளர்கள் இங்கே வருகிறார்கள். வடிவமைப்புக்கு ஹைதராபாத்தின் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 44 மீட்டர், சென்னைக்கு 50. சென்னையில் கூடுதலாக இருப்பது புயலால் என்கிறார்கள். திராவிட மேடைகளின் கீழே மணல் வெளியில் துண்டு விரித்து உட்கார்ந்து வளர்ந்தவன் என்ற முறையில் எனக்கு வேறு சந்தேகம் உண்டு; அது தனி ஆய்வுக்குரியது.

மேடைக்குப் பின்னால் புரவலர்களின் பட்டியல் பெரிய பேனராகத் தொங்கியது. பிளாட்டினம், தங்கம், வெள்ளி என்று மூன்று படிநிலை. சிமெண்டாலும் இரும்பாலும் பிழைக்கும் ஒரு தொழில், கொடையாளிகளுக்கு மரியாதை செய்யும்போது மட்டும் ஒரு தூணுக்கும் உதவாத உலோகங்களைத் தேடிப்போவது ஏன் என்று சுபேதார் சாரைக் கேட்டேன். “துருப்பிடிச்ச புரவலர்னு போட முடியுமா, தம்பி?” என்றார்.

இறுகும் நேரம்

ஆந்திர, தெலங்கானா மேடைகளில் பேச்சை அளக்கும் அலகு ‘ரெண்டு மாட்டலு’. இரண்டு வார்த்தை என்று பொருள். நம்மூரிலும் இதே அலகுதான், இதே நீளம்தான். ‘வேதிகனு அலங்கரிஞ்சின பெத்தலு’, அதாவது மேடையை அலங்கரித்திருக்கும் பெரியவர்கள் என்று தொடங்கி, ஒவ்வொருவர் பெயரையும் பதவியையும் சொல்லி முடிக்கும்போதே கலவைக்கு விதித்த 30 நிமிடத்தில் ஒரு பகுதி கரைந்துவிடுகிறது. அலங்கரித்தவர்களில் ஒருவர் விட்டுப்போனால் மறுபடி முதலிலிருந்து வர வேண்டும். பக்கத்தில் இருப்பவர் காதைக் கடித்து நினைவூட்டுவார். நினைவூட்டப்பட்டவர் எழுந்து கும்பிடுவார். அரங்கம் தட்டும்.

கைதட்டலைப் பற்றிச் சொல்லாமல் இந்த ஊரைக் கடக்க முடியாது. கோல்கொண்டா கோட்டையின் ஃபதே தர்வாசா வாசல் கவிகையின் கீழ் ஒரு தட்டுத் தட்டினால், உச்சியிலிருக்கும் பாலா ஹிசாரில் அது கேட்கும். இடையில் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர். யாரோ வருகிறார்கள் என்று மேலே இருப்பவர்களுக்குத் தெரிவிக்கும் எச்சரிக்கை மணியாக ஒரு காலத்தில் இருந்தது அது. மாநாட்டில் அதே கைதட்டல் நேர்மாறான வேலை பார்க்கிறது: போய்வாருங்கள் என்று சொல்லத் தட்டுகிறோம், இன்னும் சொல்லுங்கள் என்று அவருக்குக் கேட்கிறது. காங்கிரீட்டில் வைப்ரேட்டரை அளவுக்கு மீறி வைத்தால் ஜல்லி அடியில் தங்கும், சிமெண்ட் பாலும் தண்ணீரும் மேலே மிதக்கும். அதிகம் தட்டு வாங்கிய உரையிலும் அப்படித்தான். விஷயம் அடிக்குப் போய்விட்டது. மேலே மிதந்தது ‘என் கல்லூரி நாட்களில்’.

குத்துவிளக்கின் பக்கத்தில் பொறியாளர் விஸ்வேஸ்வரையாவின் படம் இருந்ததால் அவரைத் தொடாமல் யாரும் இறங்கவில்லை. 1908 செப்டம்பர் 28இல் மூசி நதி ஊரை வாரிச் சுருட்டியதும், 1909இல் அவர் வந்து ஆற்றின் மேல்பகுதியில் நீர்த்தேக்கங்கள் கட்டச் சொன்னதும், அதன்படி 1920இல் உஸ்மான் சாகரும் 1927இல் ஹிமாயத் சாகரும் எழுந்ததும் மெய்யான வரலாறுதான். ஆனால் காலை ஒன்பதரைக்கும் பன்னிரண்டரைக்கும் இடையில் மூசி எங்கள் கண் முன் ஐந்து முறை பெருக்கெடுத்தது. நான்காம் வெள்ளத்தில் சுபேதார் சார் கண்ணயர்ந்துவிட்டார். ஐந்தாம் வெள்ளத்தில் நீர்மட்டம் முந்தையதைவிட ஓரடி கூடியிருந்ததை ஆய்வுக் குறிப்பில் பதிந்திருக்கிறேன்.

இறுகத் தொடங்கிய கலவையில் தண்ணீர் ஊற்றிக் கிளறி மறுபடி பயன்படுத்துவது குற்றம். எந்த சைட்டிலும் மேஸ்திரி அதைச் செய்வார், எந்த சைட்டிலும் பொறியாளர் கத்துவார். அப்படிக் கத்திக் கத்தியே தொண்டை கட்டிய ஒருவர் உரையை முடித்து, கைதட்டு வாங்கி, நாற்காலியில் உட்கார்ந்து, தண்ணீர் பாட்டிலைத் திறந்து இரண்டு மடக்குக் குடித்துவிட்டு, “ஒன்றை மறந்துவிட்டேன்” என்று மறுபடி எழுந்தார். தண்ணீர் சேர்த்துக் கிளறியதற்கு இதைவிடத் துல்லியமான சான்று ஆய்வுலகில் கிடைக்காது.

சரிவுச் சோதனை

கூம்பு வடிவ இரும்பு அச்சு ஒன்று. உயரம் 300 மில்லிமீட்டர். அடுக்கடுக்காகக் கலவையை இட்டு, ஒவ்வோர் அடுக்கையும் கம்பியால் 25 குத்துக் குத்தி, பிறகு அச்சை மெல்ல மேலே தூக்கிவிட வேண்டும். தாங்கிப் பிடித்தது போன பிறகு கலவை எவ்வளவு உட்காருகிறது என்று அளந்தால் அதன் குணம் தெரிந்துவிடும். மாநாட்டில் அச்சு என்பது பவர்பாயிண்ட். அன்று பதினொன்றேகாலுக்கு மடிக்கணினி உறைந்து, திரையில் ஒரு நீல வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. கேட்காமலே சோதனை அமைந்துவிட்டது.

ஒருவர் அப்படியே பொலபொலவென்று சரிந்தார். “அடுத்த ஸ்லைடில் அதைத்தான் காட்டியிருந்தேன்” என்பதைத் தவிர வேறு வாக்கியம் வரவில்லை. இன்னொருவர் சாலை போடும் கலவைபோல இம்மியும் அசையாமல், இல்லாத படத்தை லேசர் விளக்கால் சுட்டிக்காட்டிப் பேசி முடித்தார். மூன்றாவதாக வந்த அம்மையார் தள வேலைகளைக் கவனிக்கும் பொறியாளர். திரையைத் திரும்பியே பார்க்கவில்லை. மே மாதத்தில் இந்த ஊரில் தளம் போட்டால் காலையில் நனைத்த கோணிச்சாக்கு எந்நேரத்துக்குள் காய்ந்து முறுகும், இப்படிப்பட்ட வெயிலில் பத்து நாளாவது ஈரம் காக்கச் சொல்லும் விதி எந்தக் கட்டத்தில் ஏமாற்றப்படுகிறது, பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தும் வேலையை ஏன் எப்போதும் கூலி குறைந்த ஆளிடம் விடுகிறோம் என்று ஒன்பது நிமிடம் சொன்னார். “சாக்கைத் தொட்டுப் பாருங்கள், பதிவேட்டைப் பார்க்காதீர்கள்” என்றுவிட்டு இறங்கிப் போனார். கைதட்டல் சுமார்தான். வைப்ரேட்டர் அதிகம் படாததால் ஜல்லி அதனிடத்தில் இருந்தது.

சென்ட்ரிங்

இந்த ஆய்வின் மையம் இதுதான். இதுவரை சொன்னதெல்லாம் அஸ்திவாரத் தோண்டல். தளம் போடும்போது எல்லோர் கண்ணும் மேலே கொட்டும் கலவையின் மீது இருக்கும். கீழே சென்ட்ரிங்கின் முட்டுகளும் பலகைகளும் நிற்பதை யாரும் பார்ப்பதில்லை. நாலரை மீட்டருக்குள் அடங்கும் தளத்துக்கு ஏழு நாள், அதற்கு மேற்பட்டால் பதினான்கு நாள், ஆறு மீட்டரைத் தாண்டிய உத்தரத்துக்கு இருபத்தொரு நாள் முட்டுகளைப் பிரிக்கக் கூடாது என்கிறது ஐஎஸ் 456. நாள் முடிந்ததும் பிரித்து வண்டியில் ஏற்றி, அடுத்த சைட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். கிரகப்பிரவேசத்துக்கு முட்டுகளை அழைத்தவர் உண்டா?

மேடையில் விருந்தோம்புபவர்கள் அந்த முட்டுகள். தொகுத்து வழங்கிய பெண், மூன்று மொழியில் மாறி மாறிப் பேசி, ‘அறிமுகம் தேவையில்லாதவர்’ என்று எழுதிக் கொடுக்கப்பட்ட ஆறு நிமிட அறிமுகங்களை முகம் சுளிக்காமல் படித்தார். குழு விவாதம் நடத்தியவர் நான்கு பேர் பேசியதையும் ஐந்தாமவர் பேசவிடாததையும் புன்னகையால் தாங்கினார். ஆனால் உண்மையான சுமை வேறொரு தோளில் இறங்கியது. ஏதோ ஒரு சைட்டிலிருந்து அன்றைக்கென்று பிடித்துவரப்பட்ட இளம் பொறியாளன். தோற்றத்துக்கு வேலையில் சேர்ந்து ஓராண்டுகூட இராது. அவன் கையில் நேரம் எழுதிய துண்டுச் சீட்டுகள். முதல் சீட்டு ‘5 நிமிடம்’. இரண்டாவது ‘2 நிமிடம்’. மூன்றாவதில் ‘சார் ப்ளீஸ்’ மட்டும்.

சீட்டை என்ன செய்கிறார்கள் என்பது பேச்சாளர்களை வகைப்படுத்த மிக நம்பகமான அளவுகோல். தண்ணீர் பாட்டிலுக்கு அடியில் வைத்தவர் ஒருவர். “எனக்கு நேரமாகிவிட்டதாகச் சீட்டு வந்திருக்கிறது” என்று அதைச் சபைக்குப் படித்துக்காட்டி, நேரத்தின் அருமை குறித்து மேலும் நான்கு நிமிடம் பேசியவர் ஒருவர். மூத்த அதிகாரி ஒருவர் பேச்சை நிறுத்தாமலே பேனாவை எடுத்து, சீட்டின் கீழ் மூலையில் கையெழுத்திட்டு, தேதியும் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். வாழ்நாள் முழுக்க நீட்டிய பில்லில் எல்லாம் ஒப்பமிட்ட கை அது. குறை சொல்ல எனக்கு மனமில்லை. பையன் அந்தச் சீட்டை என்ன செய்வதென்று தெரியாமல் சற்று நேரம் பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு புதிதாக ஒன்று எழுதினான். ‘லஞ்ச் ரெடி’. அதிகாரி ஒன்றரை வாக்கியத்தில் முடித்தார்.

பிறகுதான் ‘சமயாபாவம் வல்ல’, நேரமின்மை காரணமாக என்ற அறிவிப்பு வந்தது. நேரத்தைத் தின்றவர்கள் சாப்பிடப் போனபின், மிச்சமிருந்த இரண்டு பேச்சாளர்கள் தலா மூன்று நிமிடத்துக்குள் அடங்க வேண்டியதாயிற்று. நன்றியுரையில் ஒலிபெருக்கிக்காரர் வரை நன்றி சொல்லப்பட்டது. சொன்னவர் விழாக் குழுவைச் சேர்ந்தவர் என்பதால் குழுவுக்குத் தானே நன்றி சொல்லிக்கொள்வது முறையல்ல என்று விட்டுவிட்டார். நாங்கள் கிளம்பும்போது பையன் மேடையில் பெயர்ப் பலகைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தான்.

கட்டைச் சோதனை

ஊற்றிய காங்கிரீட்டில் கொஞ்சம் எடுத்து 150 மில்லிமீட்டர் கனசதுரங்களாக வார்த்து, ஏழாம் நாளும் இருபத்தெட்டாம் நாளும் நசுக்கிப் பார்ப்பது வழக்கம். ஏழாம் நாளில் முழு வலிமையில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு வந்திருக்கும். மாநாட்டுக்கும் இதைப் பொருத்திப் பார்க்க, சோதனைக் கட்டையாக நான் தேர்ந்துகொண்டது சுபேதார் சாரை.

ஏழாம் நாள் காலை நடையில் கேட்டேன். சால்வையின் நிறம் நினைவிருந்தது. டபுள் கா மீட்டா என்ற இனிப்பு நன்றாக இருந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் சார்மினார் நினைவுப் பரிசு ஒன்று மேடையிலிருந்து விழப் பார்த்ததும் நினைவிருந்தது. “அந்தம்மா சாக்கைத் தொட்டுப் பாருன்னாங்களே, அது பேச்சு” என்றார். மூசி வெள்ளம் எத்தனை முறை வந்தது என்றதற்கு, வெள்ளமா, எப்போது என்று கேட்டார்.

இருபத்தெட்டாம் நாள் அதே இடத்தில், அதே நேரத்தில் மறுபடி கேட்டேன். சால்வை போயிருந்தது. இனிப்பின் பெயர் போயிருந்தது. அதிகாரி, லேசர் விளக்கு, பிளாட்டினம் எல்லாம் போயிருந்தன. சாக்கு மட்டும் இருந்தது. கூடவே, ஏழாம் நாள் பட்டியலில் இல்லாத ஒன்றும் வந்திருந்தது. வேப்பமரத் திருப்பத்தில் நின்று, மூச்சு வாங்கிக்கொண்டு, என் பக்கம் திரும்பினார்.

“அந்தச் சீட்டு கொடுத்துக்கிட்டிருந்த பையன், தம்பி. அவன் கடைசியில சாப்பிட்டானா?”