தில்லைக் கரையானும் டேட்டாபேஸ் நிர்வாகமும்: ஒரு முன்னாய்வு

ரிலேஷனல் டேட்டாபேஸ் என்ற கருத்தை 1970இல் எட்கர் காட் முன்வைத்தார் என்கின்றன பாடநூல்கள். கடலூர் மாவட்டத்துக்காரன் என்ற ஒரே தகுதியில் இதை மறுக்கிறேன்.

முதற்சான்று சம்பந்தர் பதிகம். பெரும்பாலும் எட்டாம் பாட்டில் இராவணன் நசுங்குவான். ஒன்பதில் மாலும் அயனும் அடிமுடி தேடுவார்கள். பத்தில் சமணருக்கும் சாக்கியருக்கும் ஏச்சு. பதினொன்றில் பாடியவர் பெயர். இதுதான் ஸ்கீமா. நடுவில் ஒரு பாட்டு காணாமற்போனால் எது என்று சொல்லிவிடலாம். அதே பதிகங்களைப் பண்முறையிலும் தலமுறையிலும் அடுக்கினார்களே, அவை இரண்டும் இன்டெக்ஸ்.

கோளாறு நிர்வாகத்தில்தான். திருமுறை கண்ட புராணத்தின்படி, தேவார ஏடுகள் சிதம்பரம் கோயிலில் ஓர் அறைக்குள் பூட்டிக் கிடந்தன. பாடிய சம்பந்தர், அப்பர், சுந்தரர் மூவரும் வந்தால்தான் திறப்போம் என்றார்கள் தீட்சிதர்கள். பாஸ்வேர்டை மானிட்டரிலேயே ஒட்டிவைக்கும் நமக்கு இந்தக் கண்டிப்பு வராது. சோழன் மூவர் திருவுருவங்களை எழுந்தருளச் செய்து உள்ளே போனான். கரையான் அதற்கு முன்பே லாகின் ஆகியிருந்தது. எண்ணெய் ஊற்றிப் புற்றைக் கரைத்து எடுத்ததில், புராணக் கணக்குப்படி இருந்த 1,03,000 பதிகங்களில் இன்று நம் கையில் இருப்பது 800 கூட இல்லை.

கரையானின் டெலீட்டில், எதை அழிப்பது என்று வரம்பு கட்டும் ‘வேர்’ (WHERE) நிபந்தனை கிடையாது. கரையானை மட்டும் குறை சொல்வானேன்? ஒரு வெள்ளிக்கிழமை மாலை, வேர் எழுத மறந்த ஒரே அப்டேட்டில் வாடிக்கையாளர் அத்தனை பேரையும் பண்ருட்டிக்குக் குடிபெயர்த்தவன் நான். பேக்கப் தினமும் ஓடியது. திறந்து பார்த்தால் ஆறு மாதமாகப் பூஜ்யம் பைட். அறைக்கதவு திறந்தபோது சோழன் முகம் எப்படிப் போயிருக்கும் என்று அன்றுதான் விளங்கியது. இப்போதெல்லாம் மாதம் ஒருமுறை வேறொரு மெஷினில் ரீஸ்டோர் செய்து, வரிசைகளை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் சாப்பாடு. டெலீட்டுக்கு முன் அதே நிபந்தனையோடு ஒரு செலக்ட்டும் உண்டு.

வெளியூரில் ஒரு பிரதி வேண்டும் என்பதற்கும் சான்று இருக்கிறது. ஏடுகளில் கிடைக்காத சம்பந்தர் பதிகம் ஒன்று சென்ற நூற்றாண்டில் திருவிடைவாய்க் கோயில் கல்வெட்டில் அகப்பட்டது.

இன்னொரு சிக்கல். தில்லையில் மீண்டது பாட்டு மட்டுமே, பண் தொலைந்திருந்தது. திருமுறைகளைத் தொகுத்த திருநாரையூர் நம்பியும் சோழனும் விருத்தாசலம் பக்கத்து எருக்கத்தம்புலியூருக்குப் போனார்கள். திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த பெண் ஒருத்தி பண்களை வகுத்துக் கொடுத்தாளாம். அவளிடம் பூட்டிய அறை இருந்ததாகப் புராணத்தில் குறிப்பில்லை.