டூயல் பூட் கணினியில் டி டிரைவின் நிலை: ஓர் ஆராய்ச்சி

ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும் குடியிருக்கும்போது, இரண்டும் எடுத்துப் புழங்குவதற்கென ஒரு பொதுப் பகுதி தேவைப்படுகிறது. அதை எந்தக் கோப்பு முறைமையில் ஃபார்மட் செய்வது என்பதே இங்கே ஆராயப்படும் பொருள். பொதுப் பகுதியை உலக வழக்கில் டி டிரைவ் என்பர். அதன் உள்ளீடு மூவகைப்படும்: திரைப்படம், கல்யாண வீடியோ, 'புதிய ஃபோல்டர்'. மூன்றாவது வகைக்குள் அதே பெயரில் இன்னொன்றும், அதனுள் '(2)' என்ற ஒட்டுடன் மற்றொன்றும் இருப்பது இயல்பு. கடைசியில் உள்ளதில் பெரும்பாலும் ஒன்றும் இராது.

இச்சிக்கல் அறிஞர்க்கு மட்டும் உரியதன்று. தமிழக அரசு 2011 இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் மாணவர்களுக்குத் தரப்பட்ட கணினிகளில் விண்டோஸோடு, மத்திய அரசு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் வந்தது. லினக்ஸுக்குள் விரும்பிச் சென்றவர் எத்தனை பேர், பூட் மெனுவில் விரல் தவறிச் சென்றவர் எத்தனை பேர் என்பதற்குக் கல்வெட்டுச் சான்று கிடைத்திலது. எவ்வழியில் சென்றாலும் டி டிரைவிலிருந்த பாட்டுகளைத் தேடியிருப்பர் எனக் கொள்வதில் பிழையில்லை.

வேட்பாளர்களுள் மூத்தது ஃபேட்32. இதன் மூதாதையான ஃபேட் 1977 இல் பிறந்தது. ஃபேட்32 1996 இல், விண்டோஸ் 95 இன் திருத்திய வெளியீட்டோடு வந்தது. இதைப் படிக்காத கருவி அரிது. இன்றைய கணினி விழித்தெழத் தேவைப்படும் சிறு பகுதியும் ஃபேட் வகையே. ஆனால் ஒரு கோப்பின் அளவைக் குறிக்க 32 பிட்டுகளே ஒதுக்கப்பட்டிருப்பதால், 4 ஜிபிக்கு ஒரு பைட் குறைவான அளவோடு கோப்பு முடிந்துவிட வேண்டும். டிரைவில் 100 ஜிபி காலியாகக் கிடந்தாலும் 5 ஜிபி கல்யாண வீடியோவுக்கு இடமில்லை. ஃபேட்32 அட்டையில் பதிவுசெய்த வீடியோ கேமராக்கள் இதனாலேயே படத்தைத் துண்டாக்கின. கெட்டிமேளம் ஒரு கோப்பிலும் தாலி முடிச்சு அடுத்ததிலும் அமைய நேர்ந்தது. 32 ஜிபிக்கு மேற்பட்ட பகுதியை ஃபேட்32 ஆக ஃபார்மட் செய்ய விண்டோஸ் நெடுங்காலம் மறுத்ததும் உண்டு. அவ்வரம்பு, தற்காலிகமென எழுதிய ஃபார்மட் பெட்டிக்குத் தம் மனம்போல வைத்த எண் என்று, அதை எழுதிய டேவ் பிளம்மர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். தற்காலிகம் என்பதன் ஆயுள் குறித்துத் தனி ஆய்வே செய்யலாம்.

இஎக்ஸ்டி4 லினக்ஸின் செல்லப் பிள்ளை. 2008 இல் நிலைபெற்றது. விண்டோஸுக்கோ அது அறிமுகமே இல்லாத ஆள். சில வேளைகளில் அப்பகுதியைக் கண்டதும், பயன்படுத்துமுன் ஃபார்மட் செய்ய வேண்டும் என்று பணிவாகக் கேட்கும். அதற்கு 'ஆம்' என்று அழுத்தியவர்களே டேட்டா மீட்புக் கடைகளை வாழவைப்பவர்கள். விண்டோஸ் 11 இல் லினக்ஸ் துணை அமைப்பின் வழியாக இஎக்ஸ்டி4 வட்டை ஏற்ற முடியும் என்பார் உளர். அது வட்டை முழுதாகவே கேட்கும். விண்டோஸ் குடியிருக்கும் அதே வட்டென்றால் நடவாது. ஒற்றை வட்டு மடிக்கணினிக்கு அவ்வழி பயன்படாது என்க.

எஞ்சியவை எக்ஸ்ஃபேட்டும் என்டிஎஃப்எஸ்ஸும். எக்ஸ்ஃபேட் 2006 இல் வந்தது. மைக்ரோசாஃப்ட் அதன் விவரக் குறிப்பை 2019 இல் வெளியிட்ட பிறகு லினக்ஸின் மையக்கருவான கர்னலுக்குள் முறைப்படி இடம் பெற்றது. 4 ஜிபித் தடை இல்லை, எளியது, பென் டிரைவுக்கு மிக ஏற்றது. ஆயினும் மாற்றங்களை முன்கூட்டிக் குறித்துவைக்கும் ஜர்னல் இதில் இல்லை. எழுதிக்கொண்டிருக்கையில் மின்சாரம் போனால் எது எங்கே நின்றது என்று சொல்ல ஆளில்லை. 1993 இல் விண்டோஸ் என்டியோடு வந்த என்டிஎஃப்எஸ்ஸில் ஜர்னல் உண்டு. லினக்ஸ் அதில் நம்பி எழுதத்தான் நாளாயிற்று: 2007 இல் என்டிஎஃப்எஸ்-3ஜி என்னும் டிரைவரின் நிலையான பதிப்பு வந்தது, 2021 இல் கர்னல் 5.15 இல் பாராகான் நிறுவனம் தந்த டிரைவர் சேர்ந்தது.

ஆகவே என்டிஎஃப்எஸ்ஸே தகும் எனப் பெரும்பாலோர் முடிப்பர். முடிவு சரி; காரணம் அரைகுறை. டி டிரைவின் தலைவிதி கோப்பு முறைமையைக் காட்டிலும் விண்டோஸின் தூக்கத்தையே பொறுத்தது. விண்டோஸ் 8 முதல் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்றொரு வசதி உண்டு. 'ஷட் டவுன்' அழுத்தினால் கணினி முழுதாக அணைவதில்லை. கர்னலின் நிலையை வட்டில் எழுதிவைத்துவிட்டு உறங்குகிறது. 'ரீஸ்டார்ட்' அழுத்தினால்தான் உண்மையாக அணைந்து எழுகிறது. அணைக்க வேண்டுவோர் மறுபடி தொடங்கச் சொல்ல வேண்டும் என்னும் இந்நெறி இலக்கண நூல்களில் இல்லாதது. திருவல்லிக்கேணி மேன்ஷனில் பகல் ஷிஃப்டுக்காரரும் இரவு ஷிஃப்டுக்காரரும் ஒரே கட்டிலை வாடகைக்கு எடுத்திருக்க, ஒருவர் எழுந்து போனதாகச் சொல்லிவிட்டுப் போர்வைக்குள்ளேயே கிடப்பது போன்றது இது. லினக்ஸ் அந்நேரம் உள்ளே வந்து எழுதினால், விழித்தெழும் விண்டோஸ் தன் பழைய நினைவை நம்பி அதன்மேல் எழுதும், கோப்புகள் சிதையும்.

இங்கேதான் என்டிஎஃப்எஸ், எக்ஸ்ஃபேட் இரண்டின் வேறுபாடு புலப்படுகிறது. சரியாக மூடப்படாத என்டிஎஃப்எஸ் பகுதியை லினக்ஸ் பொதுவாக ஏற்ற மறுக்கும், அல்லது படிக்க மட்டும் விடும். பயனர் இதைக் குறையெனத் திட்டுவர், அது காப்பு. எக்ஸ்ஃபேட்டில் அத்தகைய முட்டுக்கட்டை இல்லை; லினக்ஸ் தாராளமாக எழுத விடும். தீர்வு எளிது: விண்டோஸின் பவர் அமைப்புகளில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்திவிடுதல். அது செய்தபின் என்டிஎஃப்எஸ்ஸைத் தேர்வது நன்று. ஆனால் பழுதானால் முழுமையாகச் சரிசெய்வது விண்டோஸின் செக்டிஸ்க்கே. லினக்ஸில் உள்ள என்டிஎஃப்எஸ்ஃபிக்ஸ் பெயரளவில் பெரிது. சில பிழைகளைத் தட்டிவிட்டு மிச்சத்தை விண்டோஸிடம் ஒப்படைக்கும். விண்டோஸை நீக்கும் எண்ணமுள்ளோர் இதை முன்கூட்டி எண்ணுக.

பெயரிடல் குறித்தும் சிறிது. லினக்ஸ் '12:30 மீட்டிங்' என்று பெயர் வைக்க விடும். விண்டோஸுக்கு முக்காற்புள்ளி ஆகாது. பெரிய எழுத்து, சிறிய எழுத்து மட்டும் வேறான இரு பெயர்களை லினக்ஸ் இரு கோப்பாகவும் விண்டோஸ் ஒன்றாகவும் கருதும். தமிழில் பெயர் வைப்போர்க்கு இத்தொல்லை இல்லை, வேறொன்று உண்டு. 'கொலு' என்பதன் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்று; கோப்பு முறைமைக்கு இரண்டு. இரட்டைக் 'கொலு' ஃபோல்டர் தோன்றினால் வைரஸைக் குற்றம் சொல்வது வழக்கம், அது தவறு.

லினக்ஸ் நிரல்களை டி டிரைவில் வைப்பதும் தகாது. அங்கே எல்லாக் கோப்புக்கும் ஒரே அனுமதி ஒட்டப்படுவதால், எது இயங்கும் நிரல், எது வெறும் பாட்டு என்று பிரித்தறிய இயலாது.

இறுதியாகக் கோப்புத் தேதி. விண்டோஸ் கணினிக் கடிகாரத்தை உள்ளூர் நேரமாகப் படிக்கும். லினக்ஸ் அதையே கிரீன்விச் சார்ந்த உலக நேரமாகக் கொள்ளும். இந்தியாவில் இவ்வேறுபாடு 5 மணி 30 நிமிடம். இணைய இணைப்பு இல்லாத நாளில் லினக்ஸுக்கு வந்து சேமித்த கோப்பு மாலையில் பிறந்ததாகவும், பின்பு விண்டோஸுக்குத் திரும்பி அதைத் திருத்தியது காலையில் என்றும் டி டிரைவில் பதிவாகலாம். விண்டோஸின் ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பைச் சேர்த்தோ, லினக்ஸில் டைம்டேட்சிடிஎல் கட்டளை ஒன்றைக் கொடுத்தோ இரண்டையும் ஒருவழிப்படுத்தலாம். இரண்டாவது வழியைக் கொண்டால், இந்த ஏற்பாடு தனக்கு முழுதும் உகந்ததன்று என்று லினக்ஸ் எச்சரிக்கும். எனினும் நேரத்தைச் சரியாகவே காட்டும்.