முன்னாளார்

ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்துத் திருத்தணிக்கு வருகிறவர்களை முதலில் வரவேற்பது முருகன் அல்ல, எங்கள் முன்னாளார். பிளெக்ஸில் கைகூப்பி நிற்பார். பெயர் பெரிய எழுத்தில். ‘நகர்மன்ற உறுப்பினர்’ அதைவிடப் பெரிய எழுத்தில். ‘முன்னாள்’ மட்டும் அடைப்புக்குறிக்குள், கடுகு சைஸில். பதவி போய் இத்தனை வருஷமாகியும் வேட்டியின் கட்சிக் கரை மட்டும் மங்கவில்லை.

அவருக்கு ஒரே ஆசைதான். அவர் காலத்தில் சிமென்ட் போட்ட சந்துக்கு அவர் பெயரை வைக்க வேண்டும், அதுவும் அவர் இருக்கும்போதே. “செத்தப்புறம் வச்சா நான் எப்படி சார் பார்க்கிறது?” என்கிறார். யோசித்தால் நியாயமான கேள்விதான்.

ஆதாரங்களை மடித்து வைத்த வேட்டி போல அடுக்கியே வைத்திருக்கிறார். காமராசர் முதலமைச்சராக இருக்கும்போதே சென்னையில் அவர் சிலையை நேரு வந்து திறந்தார், 1961இல். கலைஞர் கருணாநிதி நகர் கே.கே. நகராகிப் பஸ் போர்டில் ஏறியபோதும் கலைஞர் இருந்தார். அதே கலைஞரின் அண்ணா சாலைச் சிலையை 1987 டிசம்பரில், எம்.ஜி.ஆர். மறைந்த வேளையில், கும்பல் உடைத்ததே என்று யாராவது நினைவூட்டினால் அசரமாட்டார். “அது சிலை. நான் கேட்கிறது போர்டு.”

எல்லைக்கு அந்தப் பக்கமும் கையை நீட்டுவார். ஜெகன்மோகன் ஆட்சியில் ஆந்திரம் முழுக்க ஏழைகளுக்கு வீட்டுமனை கொடுத்து ‘ஜகனன்னா காலனி’ என்று பெயர் வைத்தார்கள். 2024இல் ஜெகன் முன்னாளானதும் என்.டி.ஆர். பெயர் வந்தது. இதில் முன்னாளார் கற்ற பாடம் வேறு: “கொஞ்ச வருஷமாவது இருந்துச்சில்ல?”

பெயர் கேட்கும் உரிமை உள்ளவர்கள் இந்த ஊருக்கு இருந்தார்கள். திருத்தணி ஒரு காலத்தில், இன்று ஆந்திரத்தில் உள்ள சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. அதைத் தமிழ்நாட்டோடு சேர்க்க மங்கலங்கிழார் ஊர் ஊராகப் போய் ஆள் திரட்டினார், ம.பொ.சி. போராடிச் சிறை போனார். 1960 ஏப்ரல் 1 அன்று ஊர் இந்தப் பக்கம் வந்தது. (தேதியைப் பார்த்துச் சந்தேகப்பட வேண்டாம், உண்மையிலேயே வந்தது.) அதைப் பார்க்க மங்கலங்கிழார் இல்லை, 1953லேயே போய்விட்டார். அவர்கள் வாங்கிக் கொடுத்தது ஊர். முன்னாளார் வாங்கிக் கொடுத்தது ஒரு கைப்பம்பு. அதிலும் இப்போது காற்றுதான் வருகிறது.

தீர்மானம் ஒருநாள் நிறைவேறலாம். மேடை, மாலை, நீலப் பலகை எல்லாம் வரும். மறுவாரமே அதன்மேல் காதணி விழா போஸ்டர் ஏறும். அது பரவாயில்லை, கிழித்துவிடலாம். ஊர் வாயை என்ன செய்வது? அந்தச் சந்துக்கு மாவு மில் சந்து என்று பேர். மில் மூடி, மிஷினை விற்று, அந்த இடத்தில் செல்போன் கடை வந்தாகிவிட்டது. இன்றைக்கும் ஆட்டோக்காரரிடம் மாவு மில் சந்து என்றால்தான் வண்டி நகரும்.

கிருத்திகைக்கு வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வழி தெரியாவிட்டால் அவரையே கேளுங்கள். மாவு மில் என்ற பேச்சை மட்டும் எடுக்காதீர்கள். “தலைவரே, உங்க தெரு எது?” என்று கேட்டுப் பாருங்கள். முட்டி வலியைக்கூடப் பார்க்காமல் கூடவே நடந்து வந்து காட்டுவார்.