நாற்காலியும் நீதிமன்றமும்

கேள்வி: கலைஞர்கள் திரும்பிப் பார்க்கும்போது அதிகம் உறுத்துவது பழைய படைப்பா, பழைய காதலா?

பதில்: நிகழ்த்துகலைக் கலைஞர் மரீனா அப்ரமோவிச்சுக்கு இரண்டும் ஒன்றுதான். 1980-ல் ஒரு படைப்புக்காக, காதலரும் சக கலைஞருமான உலாய் நாணேற்றிய அம்பு மரீனாவின் நெஞ்சுக்கு நேரே நிற்க, இருவரும் வில்லின் இரு பக்கமும் சாய்ந்து நின்றார்கள். நாலு நிமிஷம்! நம் மன்மதனாவது பூவைத்தான் எய்வான்.

இன்னொரு படைப்பில் இருவரும் சீனப் பெருஞ்சுவரின் இரு முனையிலிருந்தும் நடந்து வந்து நடுவில் சந்தித்துக் கல்யாணம் செய்துகொள்வதாகத் திட்டம். அனுமதி வர வருஷங்கள் ஆயின. அதற்குள் காதல் தீர்ந்துவிட்டது. ஆனாலும் 1988-ல் விடாமல் நடந்தார்கள், சுமார் மூன்று மாதம். சந்தித்தார்கள், பிரிந்தார்கள். நம்மவர்கள் குடும்பநல நீதிமன்றப் படியேறுவதற்கே மூச்சிரைக்கிறார்கள்.

2010-ல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் மரீனாவுடைய பழைய படைப்புகளின் கண்காட்சி. அங்கே அவர் வாய் திறக்காமல் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். எதிரே யார் வேண்டுமானாலும் உட்காரலாம். உலாய் வந்து உட்கார்ந்தார். மரீனா கண்கலங்கிக் கை நீட்டினார். பார்த்தவர்களெல்லாம் உருகினார்கள்.

2015-ல் உலாய் வழக்குப் போட்டார், சேர்ந்து செய்த படைப்புகளின் வருமானத்தில் பங்கு கேட்டு! மறுவருஷம் நெதர்லாந்து நீதிமன்றம் மரீனாவை இரண்டரை லட்சம் யூரோவுக்கு மேல் கொடுக்கச் சொன்னது. பிறகு சமாதானமாகிவிட்டார்கள், 2020-ல் உலாய் இறப்பதற்குள்.