முதல் வரியிலேயே கேளுங்கள்

கேள்வி: சின்னதாக லேத் பட்டறை வைத்திருக்கிறேன். வங்கிக்குக் கடிதம் எழுதிக்கொண்டு போனால், “என்னதான் சொல்ல வர்றீங்க?” என்கிறார்கள். தெளிவாக எழுத என்ன வழி?
– வாசகர், பசுமலை

பதில்: வழி உங்கள் ஊரிலேயே இருக்கிறது. பசுமலையில் வாழ்ந்த நாவலர் சோமசுந்தர பாரதியார் வழக்கறிஞர். தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் சில இயல்களுக்குப் புத்துரை கண்டவர். அந்தத் தொல்காப்பியத்தின் மரபியல், நூலை அமைக்க 32 உத்திகளைச் சொல்கிறது. உங்களுக்கு இரண்டு போதும்: தொகுத்துக் கூறல், வகுத்து மெய்ந்நிறுத்தல். முதலில் மொத்தத்தையும் ஒரே வரியில் சொல்லுங்கள். பிறகு பிரித்துப் பிரித்து நிறுவுங்கள்.

நாம் தலைகீழாக எழுதுகிறோம். நலம் விசாரித்து, மின்வெட்டையும் கூலி உயர்வையும் விவரித்து, கையெழுத்துக்கு மேல் வரியில்தான் கடனே வருகிறது. அதற்குள் மேலாளர் டீ குடிக்கப் போயிருப்பார்!

“புது லேத் வாங்க 4 லட்சம் ரூபாய் கடன் வேண்டும்.” இதுதான் முதல் வரி. ஏன் வேண்டும், எப்படிக் கட்டுவீர்கள், என்ன ஈடு என்பதற்கெல்லாம் தனித்தனிப் பத்தி. பழைய கதை தேவையென்றால் கடைசியில் வரட்டும்.

எழுதி முடித்ததும் ஒவ்வொரு பத்தியின் முதல் வரியை மட்டும் வீட்டில் யாரிடமாவது படித்துக் காட்டுங்கள். கோரிக்கை முழுதாகப் புரிந்துவிட்டால் கையெழுத்துப் போடலாம். புரியவில்லையென்றால் பத்திகளை இடம் மாற்றுங்கள்.